மோட்டசைக்கிளைத் துடைக்கிறதில என்ன கலகம்?

‘ஸ்கோர்ப்பியோ ரைசிங்’ எண்ட படத்தைப் பாத்திட்டு, “28 நிமிசமும் பெடியள் மோட்டசைக்கிள் துடைக்கிறாங்கள், லெதர் ஜாக்கெட் போடுறாங்கள், ஒரு வசனமும் இல்லை. இதில கலகம் எங்க?” எண்டு கேட்டிருக்கிறீங்கள். அநேகமா போனில, ஓட்டி ஓட்டித்தான் பாத்திருப்பீங்கள். நானும் முதல்தரம் அப்பிடித்தான்.

அமெரிக்க இயக்குநர் கென்னத் ஆங்கர் 1963இல எடுத்தது. வசனத்துக்குப் பதிலா 13 பொப் பாட்டு. ஒரு கலகக்காரனைப் பற்றின பாட்டுப் போகேக்க, யேசு சீடர்களோட நடக்கிற பழைய படத்துண்டை இந்தப் பெடியளோட மாறி மாறி ஒட்டியிருப்பார். அடுத்த வருசம் லொஸ் ஏஞ்சலிஸில ஆபாசம் எண்டு வழக்கு. அகப்பட்டது தியேட்டர் மனேஜர். நாசிச் சின்னமும் வருது, அதைப் பிடிக்கேல்லை எண்டால் நான் சண்டைக்கு வரமாட்டன். நான் சினிமா படிச்சவனும் இல்லை.

ஆனா அந்தத் துடைக்கிற இடத்தை மட்டும் நக்கல் அடிக்காதேங்கோ. சண்டைக்காலத்தில, 2002இல ஏ9 றோட்டுத் திறக்கும்வரை வன்னிக்குள்ள பெற்றோலுக்கு அரசாங்கத் தடை. சித்தப்பான்ர எம்.டி. 90 மோட்டசைக்கிள் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. சிரிஞ்சில நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு உதைச்சு, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். பின்னேரம் பிளக்கைக் கழட்டினால் கரி அப்பியிருக்கும். வாசல்படியில குந்தியிருந்து அரத்தாள் துண்டால தேய்ப்பார், ஊதுவார், வெளிச்சத்தில பிடிச்சுப் பாப்பார், திருப்பியும் தேய்ப்பார். சித்தி சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பார். ஓடக்கூடாது எண்டு வைச்ச இடத்தில ஓட்டிக் காட்டின மனுசன். உங்களுக்கு அது கலகமாத் தெரியேல்லை எண்டால் நான் என்ன செய்ய?

இப்ப பெற்றோல் இருக்கு, மோட்டசைக்கிள்தான் சொந்தமில்லை. ரெண்டு மாசக் கட்டணம் பிந்தினதுக்கு லீசிங்காரர் என்ர பல்சரைப் பரந்தன் சந்தியில மறிச்சு, ரியூசன் பிள்ளையளுக்கு முன்னால திறப்பைப் பறிச்சவை. வட்டிக் கணக்கை இண்டைக்கும் ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. தலைமயிர் வளத்த பெடியன் மோட்டசைக்கிளில போனால் வாள்வெட்டுக் கோஷ்டி எண்டு மறிக்கிற பொலிசுக்கு, உந்த லீசிங்காரர் மட்டும் கண்ணில படாயினம். சரி, கேள்விக்கு வெளியால போயிட்டன்.

போன மாசம் சித்தப்பாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினன். யேசு வந்ததுக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஒருத்தன் குரோமைத் துணியால தேய்க்கிற இடத்தில போனை வாங்கிக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டுக் கேட்டார்: “உது மண்ணெண்ணெயில இழுக்குமோ?”