விரலுக்கும் மோட்டாருக்கும் நடுவில்: கார்ட்லெஸ் ட்ரில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கார்ட்லெஸ் ட்ரில்லின் வேகத்தைப் பற்றியவை. ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் உதவும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாக வாங்கிய 18 வோல்ட் ட்ரில். ட்ரிகரை லேசாக அழுத்தினால் மோட்டார் சுற்றாமல் ‘கீ...’ என்று சத்தம் மட்டும் வருகிறது. கடையில் கொடுத்து மாற்றிவிடவா?

மாற்ற வேண்டாம், ட்ரில் நன்றாகத்தான் இருக்கிறது. வேகக் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே அடையாளம்.

ட்ரிகரைப் பாதி அழுத்தினால் 18 வோல்ட் 9 வோல்ட்டாகக் குறைந்து மோட்டாருக்குப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போவது முழு 18 வோல்ட்தான், ஆனால் விட்டுவிட்டுப் போகிறது. மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன், ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கிறது. லேசாக அழுத்தினால் ஆன் ஆகியிருக்கும் நேரம் குறைவு. அழுத்த அழுத்த அது கூடும். குயவர் கோலால் அவ்வப்போது தள்ளிவிட்டாலும் சக்கரம் தன் கனத்தால் சீராகச் சுற்றுகிறது அல்லவா? மோட்டாரும் அப்படித்தான். கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டமும் சட்டென்று நின்றுவிடாது. ஆஃப் ஆகும் நேரத்தில் அது சுற்றி ஓட ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழிவிடுகிறது. மல்டிமீட்டர் வைத்தால் 9 வோல்ட் காட்டும், அது சராசரி. அந்த ஆன்-ஆஃப் தாளத்தில் சுருளும் இரும்புத் தகடுகளும் அதிர்வதைத்தான் ‘கீ’ என்று கேட்கிறீர்கள்.

இத்தனை சுற்றுவழி எதற்கு என்றால், சூடு. ஒரு மின்தடையை வைத்து 9 வோல்ட்டைக் குறைத்தால், 10 ஆம்பியர் ஓடும்போது 90 வாட் வெறும் வெப்பமாகப் போகும். கைப்பிடியைப் பிடிக்கவே முடியாது. ஆன் ஆன மாஸ்ஃபெட்டின் தடை சில மில்லி ஓம்தான். அதே 10 ஆம்பியருக்கு ஒரு வாட் அளவில்தான் அதில் சூடு பிறக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மோட்டார் சுற்றாமல் சத்தம் மட்டும் வரும் நிலையில் ட்ரிகரைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது, அதை வெளியேற்ற விசிறியும் சுற்றவில்லை.

2-ஆம் கியரில் ட்ரிகரைக் கொஞ்சமாக அழுத்தினாலும், 1-ஆம் கியரில் முழுதாக அழுத்தினாலும் பிட் சுற்றும் வேகம் ஒன்றுதான். பிறகு கியர் எதற்கு?

எனக்குப் பிடித்த கேள்வி. வேகம் ஒன்றுதான், ஆனால் மோட்டார் படும் பாடு வேறு.

உங்கள் ட்ரில் 1-ஆம் கியரில் நிமிடத்துக்கு 400 சுற்று, 2-ஆம் கியரில் 1500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 3.75. இப்போது 400 சுற்றில் ஒரு கனமான ஸ்க்ரூவை இறக்க வேண்டும். 1-ஆம் கியரில் மோட்டார் தன் முழு வேகத்தில் ஓடுகிறது, பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கித் தருகின்றன. 2-ஆம் கியரில் அதே விசை சக்கில் (பிட்டைப் பிடித்திருக்கும் முனையில்) கிடைக்க வேண்டுமென்றால் மோட்டாரே 3.75 மடங்கு திருப்புவிசை தர வேண்டும். இந்த வகை மோட்டாரில் திருப்புவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது, ஆகவே மின்னோட்டமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு. சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 3.75-ஐ 3.75-ஆல் பெருக்கினால் சுமார் 14 மடங்கு! அதற்கு மேல், குளிர்விக்கும் விசிறி மோட்டார் தண்டிலேயே இருப்பதால் அதுவும் கால்வாசி வேகத்தில்தான் சுற்றும்.

கருகிய வாசனையோடு என்னிடம் வரும் ட்ரில்களில் பலவற்றின் மேலே உள்ள கியர் குமிழ் ‘2’-இல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ட்ரிகர் தருவது வேகத்தை மட்டும்தான். மெதுவாகவும் பலமாகவும் வேண்டும் என்றால் 1-ஆம் கியருக்கு வாருங்கள், ட்ரிகரைத் தாராளமாக அழுத்துங்கள். பெரிய ஸ்க்ரூ, 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிட், கதவில் பூட்டுக்காக வட்டமாக வெட்டும் ஹோல் சா எல்லாமே 1-ஆம் கியர் வேலை. கியர் மாற்றும்போது மோட்டார் முழுதாக நின்றிருக்கட்டும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் 6 மில்லிமீட்டர் துளை போட முடியவில்லை. பிட் நீலமாகிவிடுகிறது, தகடு பளபளவென்று ஆகி அதற்கு மேல் இறங்க மறுக்கிறது.

வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் எஸ்.எஸ். அந்த இடத்தில் இறுகிக் கடினமாகிவிடும். பிறகு அங்கே நல்ல பிட்டும் திணறும். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டின் வெட்டும் விளிம்பு எஸ்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 12 மீட்டர் அளவில் ஓடினால் போதும். 6 மில்லிமீட்டர் பிட்டுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 640 சுற்று வருகிறது. கையில் வேலை செய்யும்போது அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது என்பதால் 1-ஆம் கியரே பொருத்தம். முதலில் 3 மில்லிமீட்டரில் வழித்துளை, அப்புறம் 6. ஒரு சொட்டு எண்ணெய். துகள் சுருள்சுருளாக வந்தால் சரியான வேகம், பொடியாக உதிர்ந்தால் பிட் தேய்க்கிறது என்று அர்த்தம்.

நான்கு வருடமாக வைத்திருக்கும் ட்ரில். இப்போது ட்ரிகரைத் தொட்டதுமே முழு வேகத்தில் பாய்கிறது. மெதுவாக ஓட்டவே முடியவில்லை.

மாஸ்ஃபெட் போய்விட்டது. இவை பழுதானால் பெரும்பாலும் ‘ஷார்ட்’ ஆகி நிரந்தரமாக ஆன் நிலையில் நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு உறையைப் பிரித்தால், பல மாடல்களில் சுவிட்சிலிருந்து மூன்று கம்பிகளில் தொங்கும் ஒரு சிறிய அலுமினியத் தகடும் அதில் ஒட்டிய கறுப்புப் பாகமும் தெரியும். மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து அதன் நடுக்காலிலும் ‘சோர்ஸ்’ காலிலும் (எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பொதுவாக வலது ஓரக்கால்) தொடுங்கள். முனைகளை மாற்றித் தொட்டாலும் பீப் வந்தால் சந்தேகமே இல்லை.

இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு: பாதி அழுத்தினால் அசைவே இருக்காது, கடைசிவரை அழுத்தினால் மட்டும் முழு வேகத்தில் ஓடும். என் சொந்த ட்ரில்லுக்கு இப்படி ஆனபோது பேட்டரி, கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கரித்துண்டு) என்று சோதித்தே ஒரு வாரம் போய்விட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. பல சுவிட்சுகளில், ட்ரிகர் கடைசிவரை போனதும் ஓர் உலோகத் தொடர்பு மாஸ்ஃபெட்டைத் தாண்டி மோட்டாருக்கு நேராக மின்சாரம் தருகிறது. மாஸ்ஃபெட் ஆன் ஆகவே முடியாமல் செத்திருந்தாலும் அந்த வழி மட்டும் வேலை செய்யும். மூன்றாவது வகை, நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேகம் குதிப்பது. அது ட்ரிகருக்குள் இருக்கும் கார்பன் தடம் தேய்ந்ததன் அறிகுறி.

மூன்றுக்கும் சுவிட்சை முழுதாக மாற்றுவதே சுலபம். சுவிட்சின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் பொருந்த வேண்டும். கழற்றும் முன் கம்பிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றுபவர்கள், முன்பு சொன்ன டையோடையும் சோதித்துவிடுங்கள். டையோடு போயிருந்தால் புது மாஸ்ஃபெட்டும் நிலைக்காது.

கரண்டில் ஓடும் ட்ரில்லின் பழைய சுவிட்ச் இருக்கிறது. அதை இதில் பொருத்தலாமா?

முடியாது. அதில் இருப்பது ட்ரையாக் என்ற, ஏ.சி.க்கான மின்னணு சுவிட்ச். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால்தான் ட்ரையாக் தானாக அணைகிறது. பேட்டரியின் டி.சி.யில் ஒரு தடவை ஆன் ஆனால் அணையாது.

ட்ரிகரை விட்டதும் டக்கென்று நிற்கிறது, அப்போது காற்றுத் துவாரத்தில் நீலப் பொறி தெரிகிறது. ஆபத்தா?

இல்லை, அது பிரேக். விரலை எடுத்ததும் சுவிட்ச் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த நொடியில் ஜெனரேட்டராக மாறி, தான் உண்டாக்கும் மின்சாரத்தாலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. அந்த மின்னோட்டம்தான் பிரஷ்ஷில் பொறியாகத் தெரிகிறது. ஓடும்போதே பெரிதாகப் பொறி பறந்தால் மட்டும் பிரஷ்ஷைப் பாருங்கள். பெட்ரோல், தின்னர் வாடை உள்ள அறையில் மட்டும் இந்த ட்ரில்லை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள ட்ரில்) வாங்கினால் வேகக் கட்டுப்பாடு மேலா?

மேல்தான். அங்கே ட்ரிகர் வெறும் தகவல்தான் சொல்கிறது. மோட்டாருக்குள் சுற்றும் காந்தம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்து ஆறு மாஸ்ஃபெட்டுகள் மூன்று கம்பிகளில் மின்சாரத்தை மாற்றி மாற்றித் தருகின்றன. பிரஷ் மோட்டாரில், 18 வோல்ட் என்று சொல்லப்படும் 5 செல் பேட்டரி நிறைந்த நிலையின் 21 வோல்ட்டிலிருந்து இறங்க இறங்க வேகமும் இறங்கும். நல்ல பிரஷ்லெஸ் ட்ரில்களில் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை அதை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் பழுதானால் பெரும்பாலும் பலகையை முழுதாக மாற்ற வேண்டிவரும், செலவு அதிகம். தினமும் வேலை செய்பவர் பிரஷ்லெஸ் வாங்கட்டும். மாதத்துக்கு நான்கு துளை போடுபவருக்குப் பிரஷ் உள்ளதே போதும்.

பழைய 12 வோல்ட் ட்ரில், பேட்டரி செத்துவிட்டது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரில் ஓட்டலாமா?

ஓடாது. கிளம்பும் நொடியில் மோட்டார் பத்துக்கணக்கான ஆம்பியர் கேட்கும். அடாப்டர் உடனே படுத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டருக்கான 12 வோல்ட் பேட்டரி இருந்தால் அதிலிருந்து குட்டையான, தடித்த கம்பி இழுத்து ஓட்டலாம். இன்வெர்ட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரி முனையை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். ப்ளஸ், மைனஸை இரண்டு தடவை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் ட்ரிகரை அழுத்தியதுமே மாஸ்ஃபெட் போய்விடக்கூடும்.