மலை கோல்ஃப் கோர்ஸ்ல எந்த ஹோல எப்படி ஆடறது? உங்க கேள்விக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி, சீசனுக்கு மலை ஏறி வந்து ஸ்கோர் கெட்டுப்போய் இறங்கினவங்க அனுப்பினது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணாக்கிட்டேன்.

கோயம்புத்தூர்ல எனக்கு 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப், அதாவது மட்டை) 150 யார்டு. ஊட்டில எவ்வளவு போகும்?

ஆயிரம் அடி ஏறினா ஒரு பர்சென்டுக்கு கொஞ்சம் மேல கூடும்னு வச்சுக்கோங்க. ஊட்டி 7300 அடி, உங்க ஊர் 1300 கிட்ட, அப்போ வித்தியாசம் 6000 அடி, 7 பர்சென்ட், அதாவது 160. ஆனா இது மத்தியானம் வெயில் அடிக்கும்போது உள்ள கணக்கு. காலைல 7 மணிக்கு 8 டிகிரி குளிர்ல, ரெண்டு ஸ்வெட்டர் போட்டுகிட்டு, ராத்திரி முழுக்க கார் டிக்கில கிடந்த பந்தை அடிச்சா அந்த 10 யார்டுல பாதிக்கு மேல போயிடும், அதனால முதல் நாலஞ்சு ஹோலுக்கு உங்க ஊர் கணக்கையே வச்சு ஆடுங்க, வெயில் ஏறினப்புறம் ஒரு கிளப் குறைச்சு, அதாவது குறைவா போறதை எடுத்துக்கோங்க. ஏத்த இறக்கம் தனி: 30 அடி இறக்கம்னா 10 யார்டு கழிங்க, ஏத்தம்னா கூட்டுங்க. இங்க பல இடத்துல கிகுயு புல்லு, விழுந்த பந்து பெருசா உருளாது, க்ரீனுக்கு (குழி இருக்கற, ஒட்ட வெட்டின புல்லு) முன்னாடி இறக்கி உருட்டி ஏத்தலாம்னு நினைக்காதீங்க.

ரேஞ்ச்ஃபைண்டர்ல (தூரம் அளக்கற கருவி) ஸ்லோப் (ஏத்த இறக்கக் கணக்கு) போட்டுக்கலாமா?

பிராக்டிஸ்ல போட்டுக்கோங்க. போட்டின்னா ஆஃப். தூரம் பார்க்கலாம், ஏத்த இறக்கம் அளக்கக் கூடாது.

300 யார்டு பார் ஃபோர் (நாலு ஷாட்ல முடிக்க வேண்டிய ஹோல்). டிரைவர் (ரொம்ப தூரம் போற கிளப்) அடிச்சா க்ரீன் பக்கத்துல போயிடும், ஆனா மூணு தடவையும் டபுள் போகி (பாரை விட ரெண்டு அதிகம்). டிரைவர மாத்தணுமா சார்?

டிரைவர மாத்த வேணாம், அதை பேக்ல வைங்க. இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த சீசனுக்கு அதே கேள்வி வருது. பார் ஃபோர்னு போர்டுல பார்த்த உடனே கை தானா டிரைவருக்குப் போகுது, அந்த ஹோல் எப்படி இருக்குன்னு ஒரு நிமிஷம் நின்னு பார்க்கறதில்ல.

ஹோல பின்னாடியிருந்து முன்னாடி யோசிங்க. முதல்ல கொடி எங்க இருக்கு, க்ரீன் எந்தப் பக்கம் சாயுது, புட் (க்ரீன்ல குழிக்கு உருட்டற அடி) கீழயிருந்து மேல போகணும்னா பந்து எங்க விழணும்னு பாருங்க. அடுத்து அந்த இடத்துல போட எனக்கு பிடிச்ச தூரம் எது. அதுக்கப்புறம் தான் டீ (முதல் ஷாட் அடிக்கற இடம்). உங்களுக்கு 110 யார்டு முழு வெட்ஜ் (கிட்டத்து தூரத்துக்கான கிளப்) நல்லா வரும்னா, 300ல 110 போக 190, அது ஹைப்ரிட் இல்லன்னா 5 வுட், ரெண்டும் டிரைவர விட குறைவா போற கிளப். அதே இடத்துல டிரைவர் அடிச்சா என்ன ஆகும்? நேரா போனாக்கூட க்ரீனுக்கு 60, 70 யார்டு மிச்சம், அரை ஸ்விங், அதுவும் சரிவுல நின்னுகிட்டு. நேரா போகலன்னா ஒரு பக்கம் மஞ்சப்பூ முள்ளுப் புதர், இன்னொரு பக்கம் பள்ளம். சமவெளில 20 யார்டு தள்ளிப் போன பந்து ரஃப்ல (ஓரத்து நீளப் புல்லுல) நிக்கும், இங்க அது சரிவுல பட்டு இன்னும் 30 யார்டு கீழ ஓடும். கொடைக்கானல் கிளப் 1895ல ஆரம்பிச்சது, ஊட்டி, வெலிங்டன் (குன்னூர் பக்கத்துல) எல்லாமும் பழசு தான், புல்டோசர் வச்சு ஃபேர்வேய (டீக்கும் க்ரீனுக்கும் நடுவுல வெட்டின புல்லு) தட்டையாக்காத காலம். மலை எப்படி மடிஞ்சிருக்கோ அப்படியே தான் ஹோலும் இருக்கு. பலத்தால அதை ஜெயிக்க முடியாது, சமமா இருக்கற இடத்தைத் தேடி பந்தை வைக்கணும்.

டாக்லெக் (நடுவுல வளையற) ஹோல்ல மூலையை மரத்துக்கு மேல தாண்டி அடிக்கறேன்னு சொல்றவங்களுக்கும் இதே தான். யூகலிப்டஸ் நிக்கற உயரத்துக்கு உங்க பந்து அங்க போய்ச் சேரும்போது இருக்காது. மூலைல சமமான இடத்துல போட்டு ரெண்டாவதை அடிங்க.

இன்னொண்ணு, இது ஸ்கோர் விஷயமே இல்ல. குன்றுக்கு அந்தாண்ட தெரியாத டீல, மூடுபனில, டிரைவர் எடுத்து வீசறவங்க மேல எனக்கு நிஜமாவே கோபம். அந்தப் பக்கம் புல்லு வெட்டறவங்க இருப்பாங்க, பந்து விழற இடம் பார்க்க முன்னாடி போன கேடி (பையைத் தூக்கிட்டு கூட வர்றவர்) நிப்பார், அவர் தலைல ஹெல்மெட் கிடையாது. பந்து விழற இடம் கண்ணுக்குத் தெரியலன்னா அடிக்காதீங்க. பத்து நிமிஷம் நின்னா பனி விலகும், பின்னாடி ஆள் நின்னா நிக்கட்டும்.

என் பந்து எப்பவும் லெஃப்ட்ல போகுது. ஏன்?

இப்படி ஒரு வரில கேட்டா நான் என்ன சொல்ல? வலதுகையா இடதுகையா, எந்த கிளப், எந்த மாதிரி லை (பந்து கிடக்கற விதம்), ஒண்ணும் இல்ல. "மலைல மட்டும் தான்"னு கடைசில ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க, அதை வச்சு வலதுகை ஆட்டக்காரர்னு நினைச்சு சொல்றேன். பந்து உங்க காலை விட மேல இருந்தா லெஃப்ட் போகும், கிரிப்ப கீழ பிடிச்சு ரைட்ல ஏம் பண்ணுங்க. காலை விட கீழ இருந்தா ரைட் போகும், முட்டியை நல்லா மடக்குங்க. ஏத்தத்துல நின்னா பந்து உயரமா, குறைவா போகும், ஒரு கிளப் பெருசா எடுங்க. இறக்கத்துல தாழ்வா கிளம்பி ஓடும், சின்ன கிளப் போதும். நாலுலயும் முக்கா ஸ்விங் தான். அடுத்த தடவை விவரத்தோட எழுதுங்க.

முள்ளுப் புதருக்குள்ள போன பந்து கிடைக்கல. அன்ப்ளேயபிள் (ஆட முடியாத பந்து)னு சொல்லி பக்கத்துல ட்ராப் பண்ணேன், பார்ட்னர் சண்டைக்கு வந்துட்டார்.

பார்ட்னர் சொன்னது சரி. ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள ட்ராப் பண்ணணும்னா முதல்ல பந்து கிடைக்கணும். கிடைக்கலன்னா அது லாஸ்ட் பால், ஒரு பெனால்ட்டியோட பழைய இடத்துக்கே திரும்பணும். தேடறதுக்கு 3 நிமிஷம் தான், 2019லயே அஞ்சுல இருந்து குறைச்சாச்சு. சந்தேகம் வந்தா டீலயே "ப்ரொவிஷனல்"னு வாய்விட்டு சொல்லி இன்னொரு பந்து அடிங்க. ரெண்டு பெனால்ட்டியோட ஃபேர்வேல ட்ராப் பண்ற லோக்கல் ரூல் சில கிளப்ல உண்டு, ஆடறதுக்கு முன்னாடி ஸ்கோர் கார்டுக்குப் பின்னாடி படிங்க.

க்ரீன்ல லைன் பிடிபடவே மாட்டேங்குது.

பள்ளத்தாக்கு எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க. மலை பெருசா சாய்ஞ்சிருக்கும்போது கண்ணு ஏமாறும், ஏத்தம்னு தெரியறது இறக்கமா இருக்கும். கேடிகிட்ட கேளுங்க, கேட்டா அவர் சொன்னதை நம்பி அடிங்க. பாதி அவர் சொன்னது, பாதி உங்க யோசனைன்னு கலந்து அடிச்சா ரெண்டுமே வீண். கொடிக்குக் கீழ வைங்கன்னு மேல சொன்னது இங்கயும் பொருந்தும், மேலயிருந்து வர்ற அஞ்சடி புட்ட விட கீழயிருந்து பத்தடி புட் எனக்கு இஷ்டம்.

ஹேண்டிகேப் (திறமைக்கு ஏத்தபடி கிடைக்கற கூடுதல் ஸ்ட்ரோக்) 24, ஸ்டேபிள்ஃபோர்டு (ஹோலுக்கு ஹோல் பாயின்ட் எண்ற ஆட்டம்). ரெண்டு தடவை கொடைக்கானல்ல 20 பாயின்ட் கூட வரல.

உங்களுக்கு எல்லா ஹோலுக்கும் ஒரு ஸ்ட்ரோக், இன்டெக்ஸ் (ஹோலோட கஷ்ட வரிசை) 1 முதல் 6 வரைக்கும் ரெண்டு. அந்த ஆறுல பார் ஃபோர்ல 6 அடிச்சாலே 2 பாயின்ட். மூணுல க்ரீனுக்கு வந்து மூணு புட் பண்ணாக்கூட போதும், அப்புறம் ஏன் ரெண்டாவது ஷாட்ல 3 வுட் எடுத்து பள்ளத்தைத் தாண்டப் பார்க்கறீங்க? கார்டுல ஒவ்வொரு ஹோலுக்கும் உங்க பார் எவ்வளவுன்னு பேனால எழுதிக்கோங்க, அதை வச்சு ஆடுங்க.

ஜனவரில காலைல க்ரீன் வெள்ளையா உறைபனியா இருந்தா?

மிதிக்காதீங்க. மிதிச்ச தடத்துல புல்லு கருகிடும். கரையற வரைக்கும் காத்திருங்க.

கொடைக்கானல்ல என் பந்து பக்கத்துலயே காட்டுமாடு படுத்திருந்தது. பந்தை விட்டுட்டா பெனால்ட்டி உண்டா? குளம்பு பட்ட குழில கிடந்தா ஃப்ரீ ட்ராப்பா?

பெனால்ட்டி இல்ல. ஆபத்தான மிருகம் பக்கத்துல இருந்தா, அபாயம் இல்லாத கிட்டத்து இடத்துல, கொடிக்குப் பக்கமா போகாம, ஒரு கிளப் நீளத்துக்குள்ள வேற பந்து ட்ராப் பண்ணி ஆடலாம். சத்தம் போட்டு விரட்டாதீங்க, அது ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும், ஃபோட்டோ எடுக்க கிட்டயும் போகாதீங்க. குளம்புத் தடத்துக்கு க்ரீன்ல சரி பண்ணிக்கலாம், ஃபேர்வேல ஃப்ரீ ட்ராப் கிடையாது, மிருகம் தோண்டின குழின்னா மட்டும் உண்டு. சாணி இருந்தா எடுத்துப் போட்டுட்டு அடிங்க, ஆனா எடுக்கும்போது பந்து நகரக் கூடாது.