இலை வாரும் வேலை

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். போன வருஷம் இங்குள்ள ஒரு மலைநடைச் சங்கத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் நியூயார்க் மாநிலத்து ஹாரிமன், பேர் மவுன்டன் மலைப்பூங்காக்கள் பக்கம் கூட்டிப்போகிறார்கள். இடங்கள் அருமை. ஆனால் வழி பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லோரையும் காக்கவைக்கிறார்கள். வேகமாக நடக்கிறவனுக்கு இது பெரிய எரிச்சல்.

நவம்பரில் தடப் பராமரிப்பு நாள் என்று அழைத்தார்கள். கல்படி கட்டப்போகிறோம் என்று ஆசையாகப் போனேன். ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பல் வைத்த ஒரு கருவியைக் கையில் கொடுத்து, நாள் முழுக்கப் பள்ளத்தில் கிடந்த இலையையும் சேற்றையும் வாரச் சொன்னார்கள். வாரினால் மறுபடி இலை விழத்தானே போகிறது? பூங்கா நிர்வாகம் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. போன வாரம் வேறொரு தடத்தில் போனோம், ஒரே சேறு. புது ஷூ பாழாகாமல் ஓரமாகச் சுற்றிப் போனோம்.

இந்தச் சங்கத்தை விட்டுவிட்டு, நம் ஆட்களை வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி நாமே நடக்கலாமா? குழப்பமான இடங்களில் நாமே பெயின்ட் அடித்து அம்புக்குறி போட்டுக்கொள்ளலாமா? நல்ல ஷூ எது?

ச.

அன்புள்ள ச.,

ஷூவை முதலில் முடித்துவிடுகிறேன். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் விரல் போய் இடிக்கக் கூடாது. மற்றதெல்லாம் விளம்பரம்.

பெயின்ட் கூடவே கூடாது. அந்தப் பூங்காக்கள் வழியாகவும் போகும் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் தடத்தில், வழிகாட்ட மரத்தில் தீட்டும் வெள்ளைக் குறி 2 அங்குல அகலம், 6 அங்குல உயரம். இரண்டு குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது என்று அர்த்தம். மேல்குறி எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். எந்த மரத்தில் குறி வைப்பது என்பதை, இரு திசையிலும் நடந்து பார்த்து, அந்தத் தடத்தின் பொறுப்பாளர்தான் முடிவு செய்வார். உங்கள் வசதிக்கு நீங்கள் போடும் அம்பு, எதிர்ப்பக்கமிருந்து வருகிறவரை வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

என்னை நிறுத்தியது இலை வாரிய கதைதான். 2023 ஜூலை 9 அன்று அந்த வட்டாரத்தில் கொட்டிய மழையைப் பற்றி மறுபடி படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பக்கத்து ஊரான வெஸ்ட் பாயின்ட்டில் சில மணி நேரத்துக்குள் 7 அங்குலத்துக்கு மேல் மழை. சாலைகள் பிளந்தன, பாலங்கள் போயின, ஹாரிமன், பேர் மவுன்டன் பூங்காக்களையே சில காலம் மூட வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய மழைக்கு எந்த வடிகாலும் ஈடுகொடுக்காது, உண்மை. ஆனால் மலைத்தடங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரே நாளில் அழிவதில்லை. சாதாரண மழையில், வருஷத்துக்கு ஒரு விரல்கடை ஆழம் என்று மண் போய்க்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்கிற வேலையைத்தான் உங்களிடம் கொடுத்தார்கள். நீங்கள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டீர்கள்.

மலைத்தடத்துக்கு முதல் எதிரி தண்ணீர். கால் மிதித்து மிதித்து நடுப்பகுதி அமுங்குகிறது, பள்ளத்தாக்குப் பக்கத்து ஓரத்தில் மண் ஒதுங்கி ஒரு வரப்பு எழும்புகிறது. மேட்டிலிருந்து வரும் நீர் தடத்தைக் கடந்து கீழே போக முடியாமல் தடத்துக்குள்ளேயே ஓடத் தொடங்குகிறது. ஓட ஓட வேகம் கூடும். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை கூடும் என்பது பழைய கணக்கு. ஆகவே தண்ணீர் தடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. இருபது அடியில் வெளியேற்றிவிட்டால் அது வெறும் ஈரம். இருநூறு அடி ஓடவிட்டால் மண்ணை அரித்து, வேரையும் கல்லையும் வெளியே தள்ளிவிடும். நடக்கிறவர் வேர் தடுக்குகிறது என்று ஓரத்தில் கால் வைப்பார். ஓரத்துச் செடி சாகும், அங்கும் பள்ளமாகும், அடுத்த மழை அதிலும் இறங்கும். ஒன்றரை அடித் தடம் சில வருஷங்களில் பத்தடிப் புண்ணாவது இப்படித்தான்.

நீங்கள் இலை வாரிய பள்ளத்துக்குக் கீழ்ப்புறம் குறுக்கே ஒரு மரத்துண்டோ கல்வரிசையோ இருந்திருக்குமே, கவனித்தீர்களா? வாட்டர் பார் என்பார்கள். தடத்தின் போக்குக்கு 45 முதல் 60 டிகிரி சாய்த்து வைப்பார்கள். தடத்துக்கு நேர் குறுக்கே வைத்தால் நீர் முட்டி நின்று வண்டலைப் போட்டுவிடும், இரண்டு மழையில் தூர்ந்துபோகும். சரியாகச் சாய்த்து வைத்தால் நீர் தன் வேகத்திலேயே வண்டலைத் தள்ளிக்கொண்டு போகும். மரமென்றால் 8 முதல் 10 அங்குல விட்டம், பட்டை உரித்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். இரு முனையும் தடத்தைத் தாண்டி ஓரடியாவது நீள வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு மறுபடி தடத்துக்கே வரும், மனிதர்களும் அப்படியே சுற்றுவார்கள்.

எவ்வளவு நன்றாகப் புதைத்தாலும் மேட்டுப்பக்க வடிகால் அடைந்துவிட்டால் அது வெறும் கட்டைதான். ஹாரிமனில் ஓக் மரங்கள் நிறைய. அக்டோபர் கடைசியிலிருந்து இலை கொட்டும். ஓக் இலை தடித்தது, சீக்கிரம் மக்காது. நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பாய்போல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாயில் வண்டல் வந்து தங்கும். வடிகால் நிரம்பி, தண்ணீர் கட்டையின் மேலேறி நேரே கீழே ஓடும். குளிர்காலத்தில் அங்கே தேங்கியது உறைந்து விரியும்போது மண்ணைக் கிளப்பிவிடும், பக்கத்தில் நட்ட கல்லையும் ஆட்டிவிடும். அதனால்தான் இலை கொட்டி முடிந்ததும் ஒரு தரம், பனி உருகியதும் ஒரு தரம் வாருகிறார்கள். இலை மறுபடி விழும் என்பது வாராமலிருக்கக் காரணம் ஆகாது. அதற்காகத்தான் வருஷம் இரண்டு முறை.

வாருவதிலும் செய்நேர்த்தி உண்டு. போனதும் வெட்டாதீர்கள். முதலில் மேட்டுப்பக்கம் பத்தடி ஏறி நின்று, தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே முட்டியிருக்கிறது என்று பாருங்கள். இலைகள் ஒதுங்கிக் கிடக்கும் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். உங்களுக்குக் கொடுத்த கருவியின் பெயர் மெக்லியாட். பல் பக்கத்தால் இலையை இழுத்துத் தடத்துக்கு வெளியே, பள்ளப்பக்கம், வடிகால் வாயை விட்டுத் தள்ளி வீசுங்கள். அப்புறம் வெட்டும் பக்கத்தால் வண்டலை எடுங்கள். பழைய அடிமண் தட்டுப்படும். அது கெட்டியாக இருக்கும், நிறமும் மாறும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே தோண்டினால் கட்டையின் அடி தெரிந்து, அதன் கீழாக நீர் புகுந்துவிடும். எடுத்த வண்டலை வீணாக்க வேண்டாம். கட்டைக்குக் கீழ்ப்பக்கம் மண் அரித்துப்போய் ஒரு படிபோல் இறங்கியிருக்கும்; அங்கே போட்டு நன்றாக மிதித்து இறுக்குங்கள்.

புதிதாக வருகிற பத்தில் ஒன்பது பேர் தவறு செய்வது வடிகாலின் வாயில், அதாவது தண்ணீர் வெளியேறும் இடத்தில். தடத்தின் ஓரத்தோடு வாருவதை நிறுத்திவிடுவார்கள், அல்லது வாரிய மண்ணை வாயிலேயே கொட்டி ஓர் அணை கட்டிவிடுவார்கள். வாய், வெளியே போகப்போகப் புனல் திருப்பிப் பிடித்ததுபோல் அகல வேண்டும். தடத்தைத் தாண்டி மூன்று நான்கு அடியாவது, தண்ணீர் திரும்பி வரவே முடியாத சரிவு கிடைக்கும்வரை, வெட்டிவிட வேண்டும். முடிந்ததும் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் மேலே ஊற்றிப் பாருங்கள். எங்கேயாவது நின்றால் அந்த இடம் இன்னும் முடியவில்லை.

போகிற வழியிலேயே ஓரத்து வரப்பையும் சீவிவிடுங்கள். தடம் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்: ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் போதும். அது இருந்தால் பல இடங்களில் வாட்டர் பாரே வேண்டாம், தண்ணீர் தாளைப்போல் பரவித் தானே வெளியேறும். தடம் போடும்போதே, அதன் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகாமல் குறுக்காகப் போட்டிருந்தால் தொல்லை இன்னும் குறைவு. ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் பழைய தடங்கள் பல நேரே உச்சியைப் பார்த்து ஏறுபவை. அப்பலாச்சியன் தடத்தில் முதலில் திறக்கப்பட்ட துண்டே ஹாரிமன், பேர் மவுன்டன் பகுதியில்தான், 1923-ல். நூறு வருஷத்துக் கால்களைச் சுமந்த மலை அது. பேர் மவுன்டனில் நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருங்கல் படிகள், சிதைந்துபோன தடத்தைத் திருத்தி அமைத்தபோது வந்தவை.

அந்தப் படி வேலையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதன் மேல்தான் உங்கள் கண். படியைக் கீழிருந்து மேலே கட்டுவார்கள். மேல்படியின் முன்விளிம்பு கீழ்ப்படியின் பின்பக்கத்தில் ஏறி உட்காரும். உயரம் 6 முதல் 8 அங்குலம். அதைத் தாண்டினால் முழங்கால் வலிக்கிறவர்கள் படியை விட்டு ஓரத்தில் ஏறுவார்கள். அதற்காகவே இருபுறமும் கால் வைக்க முடியாத முரட்டுக் கற்களைப் புதைப்பார்கள். கல்லை வைத்து, பின்னால் உடைகல்லை இறுக்கித் திணித்து, நான்கு மூலையிலும் ஏறி நின்று பார்ப்பார்கள். மயிரிழை ஆடினாலும் எடுத்து மறுபடி வைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மூன்று நான்கு பேர் கடப்பாரையோடு போராடி இரண்டு படி வைத்தால் நல்ல வேலை. இவ்வளவும் செய்த பிறகு, படிவரிசைக்கு மேலே இருக்கும் வடிகாலை யாரும் வாரவில்லை என்று வையுங்கள். தண்ணீர் படிகளின் பின்னாலிருக்கும் மண்ணைக் கழுவிக்கொண்டு போகும், கற்கள் ஒவ்வொன்றாக முன்னால் சாயும். எனவே படி கட்ட ஆசைப்பட்டு வருகிறவர்களை முதலில் வடிகாலுக்கு அனுப்புகிற தலைவர் யாரோ, அவருக்கு விஷயம் தெரியும்.

நிர்வாகம் ஆள் வைத்துச் செய்யட்டும் என்கிறீர்கள். 14 மாநிலங்கள் வழியாகப் போகும் அப்பலாச்சியன் தடத்தைத் தொடக்கத்திலிருந்து காப்பாற்றி வருவது பெரும்பாலும் சங்கங்களும் அவற்றின் தன்னார்வலர்களும்தான். நியூயார்க் நியூ ஜெர்சி தடங்களுக்கான கூட்டமைப்பு 1920-லேயே தொடங்கிவிட்டது. நமக்கும் இது அந்நியமான பழக்கம் இல்லை. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் தூர் வாருகிற குடிமராமத்து நம் ஊர்களில் இருந்தது. வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களாகவே ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தீர்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் வாரியதைக் கேவலமாக நினைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

சேற்றைச் சுற்றிப் போனது அதைவிட மோசம். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். சேறு வந்தால் நடுவிலேயே நடங்கள். ஷூ நனையட்டும், காயும். இருபது பேர் வரிசையாக ஓரத்தில் மிதித்தால் அந்த ஓரம் அன்றைக்கே தடமாகிவிடும். அடுத்த வாரம் வருகிறவர் அதற்கும் வெளியே மிதிப்பார். வளைந்து ஏறும் தடத்தில் வளைவை வெட்டிக் குறுக்கே இறங்குவதும் இதே குற்றம்தான். தண்ணீருக்கு அது திறந்துவிட்ட மதகு.

காத்திருப்பது பற்றி. முன்னால் போகிறவருக்கு வழி தெரியும், கடைசியில் வருகிறவர் யாரையும் பின்னால் விட மாட்டார். இவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறவர்கள் தொலைவது வழி பிரியும் இடத்தில் மட்டும்தான். அதனால் அங்கே எண்ணுகிறார்கள். கடைசி ஆள் வந்ததும் உடனே கிளம்பக் கூடாது; மெதுவாக வந்தவருக்கும் இரண்டு நிமிடம் மூச்சு வாங்க வேண்டும். வாட்ஸ்அப் குழு தொடங்குவதானால் இதை எழுதி ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் 2,000 அடிக்கு இன்னொரு மணி. 9 மைல், 2,000 அடி ஏற்றம் என்றால் 4 மணி நேரம். அது ஓய்வில்லாமல் நடக்கும் திடமான ஒருவருக்கு. பதினைந்து பேர் கூட்டத்துக்குப் பாதியைக் கூட்டி 6 மணி என்று வையுங்கள். டிசம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பத்தரைக்குக் கிளம்புகிற குழு இருட்டில்தான் காருக்குத் திரும்பும். எத்தனை மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதைக் காரை நிறுத்திய இடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு, கூடவே தாளில் அச்சிட்ட வரைபடம். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது.

பனி உருகியதும் அடுத்த பராமரிப்பு நாள் வரும். போங்கள். கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்காதீர்கள். பள்ளப்பக்கத்துக் கையில், வெட்டும் பகுதி முன்னால் தாழ்ந்திருக்கப் பிடியுங்கள். தடுக்கினால் அதைப் பள்ளத்தில் வீசிவிடலாம். வெட்டும்போது அடுத்தவருக்கும் உங்களுக்கும் பத்தடி இடைவெளி இருக்கட்டும். அதற்கு முன், மழை பெய்கிற ஒரு நாளில், மழைச்சட்டையோடு நவம்பரில் வாரிய அதே வடிகாலுக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். திருத்த வேண்டிய இடத்தைக் குறித்துத் தலைவரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். குளிர்காலம்தானே என்று விட்டுவிடாதீர்கள், உறைநிலைக்கு மேலே கொஞ்சம் சூடு இருந்தாலும் மான் உண்ணி நடமாடும். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.