கட்டிலிலிருந்து அலை வரை: கடலோர வீட்டை வாடகைக்கு எடுக்குமுன்

கேள்வி: விடுமுறைக்கு ஐந்து நாள் கடற்கரைப் பக்கம் போகத் திட்டம். மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார், நாங்கள், கொழுந்தனார் குடும்பம், பதினொன்று, ஐந்து, இரண்டு வயதில் மூன்று பிள்ளைகள் என மொத்தம் ஒன்பது பேர். ஆப்பில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. நான்கு படுக்கையறை, பன்னிரண்டு பேர் தங்கலாம், கடற்கரைக்கு இரண்டு நிமிடம், மாடியிலிருந்து கடல் தெரியும் என்று போட்டிருக்கிறார்கள். முழுத்தொகையையும் நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் குறைத்துத் தருவதாக உரிமையாளர் சொல்கிறார். எடுக்கலாமா? ஹோட்டலே நல்லதா? எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: பணத்தை முதலில் பேசிவிடுவோம். மற்றதை நிதானமாக யோசிக்கலாம். அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. அந்தத் தள்ளுபடி வேண்டாம். ஆப் வழியாகக் கட்டும் தொகை உடனே உரிமையாளர் கைக்குப் போவதில்லை. ஏர்பிஎன்பியை எடுத்துக்கொண்டால், நீங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டிய நேரத்திலிருந்து ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்துத்தான் பணம் அவருக்கு விடுவிக்கப்படுகிறது. போய் இறங்கினால் பூட்டிக் கிடக்கிறது, அல்லது படத்தில் பார்த்த வீடே இல்லை என்றால், உங்கள் கையில் இருக்கும் பிடி அந்த ஒரு நாள்தான். வெளியே கட்டினால் அதுவும் போயிற்று. உரிமையாளர் நேர்மையானவராகவே இருக்கலாம், கமிஷனை மிச்சம் பிடிக்கத்தான் கேட்டிருப்பார். ஆனால் அவருக்கு மிச்சமாவதற்கு நீங்கள் ஏன் ஆபத்தைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

கையோடு அந்த வீட்டின் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே வரவேற்பறை வேறு ஊரில், வேறு பெயரில் வந்து நின்றால் பேச்சையே முடித்துக்கொள்ளலாம்.

வீடா ஹோட்டலா என்றால், உங்கள் குடும்பத்துக்கு வீடுதான். இரண்டு வயதுக் குழந்தை மதியம் தூங்கும்போது மற்றவர்கள் இருட்டறையில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே கூடத்தில் இருக்கலாம். இரண்டே இரவு என்றால் ஹோட்டல் அறைகளையே சொல்லியிருப்பேன். ஒன்று மட்டும் கிளம்புமுன் பேசித் தீர்த்துவிடுங்கள்: ஐந்து நாளும் சமையலும் பாத்திரமும் யார் பொறுப்பு? பேசாமல் போனால் வழக்கமாக யார் தலையில் விழுமோ அவர் தலையிலேயே விழும். அவருக்கு அது விடுமுறை இல்லை, இடம் மாறிய அடுக்களை.

இனி வீட்டைப் பார்க்கும் முறை. படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். அகலக்கோண லென்ஸ் பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டும். உரிமையாளரையோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரையோ வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். உங்கள் மாமியார் படுக்கப்போகும் கட்டிலில் தொடங்கி, அலை நனைக்கும் மணல் வரை, அழைப்பைத் துண்டிக்காமல் ஒரே மூச்சில் நடந்து காட்டட்டும். நீங்கள் கேட்க மறக்கும் கேள்விகளுக்கும் அந்த நடையில் பதில் கிடைத்துவிடும். வீடு சரியாக இருந்தால் இதற்கு யாரும் தயங்க மாட்டார்கள்.

கட்டில் தரைத்தளத்தில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. கடல் தெரிய வேண்டும் என்று கட்டுகிற வீடுகளில் நல்ல அறைகள் மாடிக்குப் போய்விடும். கீழே சமையலறையும் கார் நிறுத்துமிடமும் மிஞ்சும். முழங்கால் வலிக்காரருக்கு ஐந்து நாளும் படியேற்றம் என்றால் இரண்டாம் நாளே அவர் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, நடுவில் படி உண்டா, குந்தாமல் நாற்காலிபோல உட்காரும் டாய்லெட்தானா, ஈரத்தில் வழுக்கும் பளபளப்பு டைல்ஸா என்று கேமராவைத் தாழ்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

'பன்னிரண்டு பேர்' என்ற கணக்கில் கூடத்து சோஃபாவும் தரை மெத்தையும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். படுக்கையறை எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கட்டில்களை எண்ணுங்கள், அதைவிட முக்கியமாகக் கழிப்பறைகளை எண்ணுங்கள். ஒன்பது பேரும் உப்பும் மணலுமாக ஒரே நேரத்தில் கடலிலிருந்து திரும்புவீர்கள். வாசலிலோ பின்கட்டிலோ ஒரு குழாய் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சன்னலையும் பாருங்கள். பகலில் தரை வேகமாகச் சூடேறுவதால் கடலிலிருந்து காற்று வீசும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து காற்று திசை மாறும். கடலைப் பார்த்து ஒரே ஒரு சன்னல் உள்ள அறை, மாலையில் சொர்க்கமாக இருந்துவிட்டு நள்ளிரவில் புழுங்கலாம். எதிர்ப்பக்கமும் திறப்பு இருக்க வேண்டும், இரண்டிலும் கொசுவலை இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் குழாயைத் திறந்து காட்டச் சொன்னால் போதாது, உப்புக் கரிக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்புதான். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிய வேண்டும். வெந்நீருக்கு கேஸ் கீசர் வைத்திருந்தால் அது குளியலறைக்குள் இருக்கக் கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியாகத் தொடங்கி ஆளையே சாய்த்துவிடும். குளியலறைக்குள்தான் கீசர் என்றால் வேறு வீடு பாருங்கள். மழை வந்தது என்று கரியடுப்பை வீட்டுக்குள் இழுத்து வைப்பதும் இதே ஆபத்துதான்.

அடுத்தது மாடி பால்கனி. கடல் தெரியும் என்று உங்களை இழுத்ததே அதுதான், நான் அதிகம் சந்தேகப்படுவதும் அதைத்தான். உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கம்பி உள்ளிருந்தே கான்கிரீட்டை நெம்பிப் பிளக்கும். வெளிநீட்டிய பால்கனியில் எடையைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் மேற்பரப்பை ஒட்டி ஓடுகின்றன, மழையும் உப்பும் தேங்குவதும் அங்கேதான். ஆகவே பால்கனியின் மேற்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். கம்பி போகும் கோட்டிலேயே நீளமான விரிசல், பழுப்புக் கறை, உதிர்ந்த காரை, எட்டிப் பார்க்கும் கம்பி, இவற்றில் எது தெரிந்தாலும் ஒன்பது பேரும் அங்கே நின்று படம் எடுப்பதை நினைத்துப் பார்க்க வேண்டாம். புதிதாக வெள்ளையடித்திருந்தால் விரிசல் மறைந்திருக்கும். கறை பெரும்பாலும் மேலே வந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்வதில் வெட்கப்படாதீர்கள். கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் இரண்டு வயதுக் குழந்தை நுழைந்துவிடலாம். குறுக்குக் கம்பிகள் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. பால்கனியில் கிடக்கும் நாற்காலிகளை, போன உடனே உள்ளே எடுத்து வையுங்கள்.

வீட்டில் நீச்சல் குளம் இருந்தால், நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, இரண்டும் வேண்டும். இல்லையென்றால் குளமில்லாத வீடே மேல்.

இப்போது வாசலைத் தாண்டுவோம். இரண்டு நிமிடம் யாருடைய இரண்டு நிமிடம்? வரைபடத்தில் கோடு போட்டால் கடல் பக்கத்தில்தான் இருக்கும். நடுவே வண்டிகள் பறக்கும் சாலையோ வேலி போட்ட தனியார் நிலமோ இருந்தால் சுற்றித்தான் போக வேண்டும். கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாதையைத் தேடுங்கள். கால் புதையும் உலர்மணல் எவ்வளவு தூரம் என்பதும் கணக்கில் வரும். ஐம்பது மீட்டர் மென்மணல், முழங்கால் வலிக்காரருக்கு அரைக் கிலோமீட்டர் தார்ச்சாலையைவிடக் கஷ்டம். மாமியார் மணல் வரை வர முடியாது என்று தெரிந்தால், நிழலில் உட்கார்ந்தபடி பிள்ளைகளைப் பார்க்க ஓர் இடம் வீட்டிலேயே உண்டா என்று கேளுங்கள். அது இருந்தால் நல்ல வீடு.

படத்தில் அகலமாக விரிந்திருக்கும் மணல், ஓதம் (கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவது) ஏறும்போது இருக்குமா? பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக ஏறும். எவ்வளவு ஏறும் என்பது இடத்தைப் பொறுத்தது: கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும், மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் கவனித்தால்தான் தெரியும். உங்கள் தேதிகளுக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். பிள்ளைகள் மணலில் விளையாடும் நேரமும் கரை காணாமல்போகும் நேரமும் ஒன்றாக விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்தப் பருவத்தில் அந்தக் கடலில் குளிக்கலாமா என்பதை உரிமையாளரிடம் மட்டும் கேட்டால் போதாது. பழைய விருந்தினர் விமர்சனங்களில் நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள். ஐந்து நட்சத்திரங்களைவிட இரண்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் விவரமாக எழுதுவார்கள். உயிர்காப்பாளர் நிற்கும் கரை பக்கத்தில் எங்கே என்று கேளுங்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்புக் கொடி பறந்தால் யாருமே இறங்கக் கூடாது. வீட்டுக்கு நேரெதிரே உள்ள கடலில்தான் இறங்குவோம் என்று பிடிவாதம் வேண்டாம், பத்து நிமிடம் வண்டியில் போனாலும் காவல் உள்ள கரைக்கே போங்கள்.

இழுப்பு நீரோட்டம் பற்றிப் பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கு வந்த அலைநீர் ஒரு குறுகலான வழியில் வேகமாகக் கடலுக்குத் திரும்புவதுதான் அது. இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நீர் கருத்து அமைதியாகத் தெரியும். குழந்தைகளை இறக்க நல்ல இடம் என்று நாம் நினைப்பதும் அந்த இடத்தைத்தான். வேகம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டலாம். நல்ல நீச்சல்காரராலும் எதிர்த்து வர முடியாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலக வேண்டும். அது உங்களை அடிக்கு இழுக்காது, கடலுக்குள் தள்ளும், அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையாட்டாது. மூச்சுக்கே நேரமில்லாதபோது குரல் வராது. பெரியவர்கள் ஆறு பேர் இருக்கிறீர்கள் என்பதே உங்கள் வீட்டில் ஆபத்து, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஆறு பேரும் நினைப்பீர்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, பெயர் சொல்லி ஒப்படையுங்கள். முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது. இது வந்திறங்கிய முதல் மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான்: எல்லோரும் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது, திறந்து கிடக்கும் வாசல் வழியாகச் சின்னவன் நடந்துவிடுவான்.

இவ்வளவும் சரியென்றால் நிபந்தனைகளை ஆப்பின் செய்திப்பெட்டியிலேயே எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வயதுக் குழந்தையைத் தலைக்கணக்கில் சேர்க்கிறார்களா, சுத்தம் செய்யும் கட்டணம் தனியா, மின்சாரம் மீட்டர்படியா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எதையெல்லாம் ஓட்டும் என்று கேளுங்கள். புயல் எச்சரிக்கை வந்து ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதைத் தனியாகக் கேளுங்கள். வழக்கமான ரத்து விதியில் வானிலை பெரும்பாலும் இருக்காது. நுழையும் நேரம் மதியமும் கிளம்பும் நேரம் முற்பகலும் என்றால் உங்கள் ஐந்து நாள் உண்மையில் நான்கு இரவுதான். கேமரா எங்கெங்கே என்றும் கேட்டுவிடுங்கள். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவை முழுவதும் தடை செய்துவிட்டது. வெளியே இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். நேரடியாகப் பேசி எடுக்கும் வீடுகளில் ஆப்பின் இந்த விதி உங்களைக் காக்காது.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்குமுன் அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். உடைந்த கண்ணாடி, கறை படிந்த மெத்தை, ஓடாத ஏசி எல்லாம் அதில் இருக்கட்டும். குறை எதுவானாலும் அன்றே ஆப்பில் எழுதுங்கள், கிளம்பும்போது சொன்னால் எடுபடாது. கிளம்பும் காலையிலும் அதே வரிசையில் இன்னொரு வீடியோ. காப்புத்தொகை (டெபாசிட்) கொடுத்திருந்தால் அதை எத்தனை நாளில் திருப்புவார்கள் என்ற தேதியை, சாவியைக் கொடுக்குமுன் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள்.