ஒரே பாறை, இரண்டு முடிவுகள்

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா, நியூயார்க் ஆகிய இரண்டும் அடுத்தடுத்த மாநிலங்கள். இரண்டின் அடியிலும் மார்செல்லஸ் என்ற ஒரே களிப்பாறைதான் இருக்கிறது. ஒன்றில் ஷேல் எரிவாயு (களிப்பாறையை நீரழுத்தத்தால் விரிசலடையச் செய்து எடுக்கும் வாயு) பெருந்தொழிலாகவும், மற்றொன்றில் தடை செய்யப்பட்டதாகவும் இருப்பது ஏன்?

பதில்: பாறை ஒன்றே ஆனாலும் அதன் வளம் எங்கும் ஒரே அளவில் இல்லை. வடகிழக்குப் பென்சில்வேனியாவில் ஆழமாகவும் தடிமனாகவும் கிடக்கும் மார்செல்லஸ், நியூயார்க்கிற்குள் வடக்கே செல்லச் செல்ல மெலிந்துவிடுகிறது. ஆயினும் எல்லையோர நியூயார்க் மாவட்டங்களிலும் நிறுவனங்கள் குத்தகைக்கு நிலம் தேடின என்பதால், வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலத்தடிக் கனிமம் பெரும்பாலும் தனியார் சொத்து. பென்சில்வேனியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குத்தகைக்கு விடும் உரிமையாளருக்கு உற்பத்தியில் எட்டில் ஒரு பங்காவது கிடைத்தாக வேண்டும். 1859இல் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணற்றைக் கண்ட, நிலக்கரியிலேயே வளர்ந்த அந்த மாநிலத்துக்குத் துளையிடுவது புதிய செயலும் அன்று. 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கிணற்றுக்கும் கட்டணம் விதித்து, அதில் பெரும்பங்கை உள்ளாட்சிகளுக்கு வழங்கியபோது, ஊராட்சிகளுக்கும் இத்தொழிலில் பங்கு கிடைத்தது.

நியூயார்க்கின் எல்லையோர விவசாயிகளுக்கும் இதே சொத்துரிமை இருந்தது. அவர்களில் பலர் அனுமதி கேட்டுப் போராடினார்கள். ஆனால் அங்கே எதிர்த்தரப்பு மிகப் பெரிது. 80 லட்சத்துக்கும் மேற்பட்ட நியூயார்க் நகர மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி, கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புகளிலிருந்து வடிகட்டப்படாமலேயே வருகிறது. அந்த நீர் கெட்டால் வடிகட்டும் நிலையத்துக்கே பல நூறு கோடி டாலர் செலவாகும். ஒரு கிணற்றில் பாறையை விரிசலடையச் செய்ய ஒரு கோடி லிட்டருக்கு மேல் நீர், மணல், வேதிப்பொருட்கள் தேவைப்படுகின்றன என்பதையும், 2009 புத்தாண்டு நாளில் பென்சில்வேனியாவின் டிமோக் என்ற சிற்றூரில் மீத்தேன் சேர்ந்து ஒரு வீட்டுக் குடிநீர்க் கிணறு வெடித்ததையும் எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கணிப்பில், முடிவைத் தீர்மானித்தது காலம்தான். நியூயார்க் 2008இலேயே சுற்றுச்சூழல் ஆய்வைத் தொடங்கி, அது முடியும்வரை அனுமதிகளை நிறுத்திவைத்தது. அந்த இடைவெளியில் டிரைடன் என்ற ஊர் 2011இல் தன் நிலப்பயன்பாட்டு விதியால் துளையிடுதலைத் தடுத்தது. 2014 ஜூனில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதிசெய்தது. எரிவாயு விலையும் வீழ்ந்து, நிறுவனங்களின் ஆர்வம் தணிந்திருந்தது. பொதுச் சுகாதார ஆய்வுக்குப் பின் 2014 டிசம்பரில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் நிர்வாகம் தடையை அறிவித்தது; 2020இல் அது சட்டமானது. பென்சில்வேனியாவிலும், ஊர்களின் நிலப்பயன்பாட்டு உரிமையைப் பறித்த 2012ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை 2013 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டுவிட்டன. மக்கள் பேசுவதற்கு முன்பே இயந்திரம் வந்துவிட்டால், பின்னர் கிடைக்கும் உரிமையால் பெரிதாக எதையும் மாற்ற முடிவதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கேள்வி: அப்படியானால், அரசு விரும்பினால் எங்கும் இத்தொழில் வளர்ந்துவிடுமா?

பதில்: வளராது. போலந்து அரசு ரஷ்ய எரிவாயுவைச் சார்ந்திருப்பதிலிருந்து விடுபட விரும்பி, தாராளமாக உரிமங்களை வழங்கியது. 2011இல் அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிறுவனம் அந்நாட்டில் 5.3 லட்சம் கோடி கன மீட்டர் வாயு எடுக்கலாம் என மதிப்பிட்டது. மறு ஆண்டே போலந்தின் நிலவியல் நிறுவனம், பெரும்பாலும் 34,600 கோடி முதல் 76,800 கோடி கன மீட்டர் வரையே கிடைக்கும் என்றது. சோதனைக் கிணறுகளும் ஏமாற்றவே, 2012இல் எக்ஸான்மொபிலும் 2015இல் செவ்ரானும் வெளியேறின.