சிவப்புப் பெரேயும் சின்னமும்: கேள்வி பதில்

பெரே என்பது படைவீரர் அணியும் விளிம்பில்லாத கம்பளித் தொப்பி. சிவப்பு, பிரெஞ்சு வான்குடை (பாராசூட்) வீரர்களின் நிறம். கேட்பவர்கள் ரீயூனியன் தீவு வாசகர்கள், பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்.

சென்-லூயி: அண்ணா, தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் பெரே சின்னம் இடக்கண்ணுக்கு மேல் இருக்கிறது. நம் தீவின் பியேர்ஃபோன் முகாம் வான்குடை வீரர்கள் வலப்பக்கம்தானே குத்துகிறார்கள்?

ஆம், பிரெஞ்சுத் தரைப்படையில் பொதுவாகச் சின்னம் வலக்கண்ணுக்கு மேல் நிற்கும், துணி இடக்காதுப் பக்கம் சரியும். பிரிட்டிஷாருக்கு நேர்மாறு. முதலில் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் மேற்சட்டையில் இடப்பக்க மடிப்புதான் மேலே வரும். பதக்கங்கள் இடமார்பில், வான்குடை வீரரின் சிறகுச் சின்னம் வலமார்பில். இவையும் மாறியிருந்தால் நெகட்டிவைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

சென்-பியேர்: புதுப் பெரே விறைத்து நிற்கிறது. எப்படிப் படிய வைப்பது?

சின்னத்தைக் கழற்றுங்கள், ஊசி துருப்பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்காமல் துண்டில் அழுத்தி ஈரம் எடுங்கள். பட்டை புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, கிடைமட்டமாக இருக்கட்டும். துணியை இடப்பக்கம் இழுத்துத் தடவி, தலையிலேயே காயவிடுங்கள். வெந்நீர் மட்டும் வேண்டாம், கம்பளி சுருங்கிவிடும்.

லெ போர்: கொதிநீரில் போட்டால் சீக்கிரம் படியுமா?

படியாது. சுருங்கும். மேலே சொன்னேன்.

சென்-அந்த்ரே: சின்னத்தில் இருப்பது என்ன? சந்தையில் வாங்கிய பெரேயை பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று அணியலாமா?

சிறகுள்ள வலக்கை குறுவாளைப் பிடித்திருக்கிறது. பின்னால் உள்ள நங்கூரம் கடற்சார் காலாட்படையின் அடையாளம். 1973 முதல் இத்தீவில் இருக்கும் இரண்டாம் கடற்சார் வான்குடைப் படைப்பிரிவின் பெரே சின்னமும் இதுவே. செப்டம்பர் 29, புனித மிக்கேல் நாள், வான்குடை வீரர்களுக்குப் பெருவிழா.

உரிமையில்லாமல் சீருடையோ பதக்கமோ பொதுவில் அணிவது குற்றம். ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ வரை அபராதம். பெட்டியில் வைத்துப் பாருங்கள்.

லெ தாம்போன்: சென்-லூயிக்காரரின் படம் திரும்பியிருக்காது. அந்தக் காலத்தில் அவரவர் விருப்பப்படி குத்தினார்கள்.

விருப்பப்படி என்று சொல்லி முடித்துவிட்டால் எந்தப் படத்தையும் படிக்க முடியாது. பொத்தானைப் பார்த்தாரா?

சென்-லூயி: பார்த்தேன் அண்ணா. இடமடிப்பு மேலே. பதக்கமும் இடமார்பில்தான்.

அப்படியானால் படம் சரி. சின்னத்தின் வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமா, கேடயமா? பிரெஞ்சுக் கடற்படைக் கமாண்டோக்கள் இடப்பக்கம்தான் குத்துவார்கள். 1944 இல் நார்மண்டியில் இறங்கிய கமாண்டோ தலைவர் கீஃபரின் ஆட்கள் பிரிட்டனில் பயிற்சி பெற்றவர்கள். அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் கேடயத்தில் பாய்மரக் கப்பலும் குறுவாளும், மூலையில் இரட்டைக் குறுக்குக்கட்டையுள்ள லொரேன் சிலுவையும் இருக்கும்.

சென்-லூயி: கேடயம்தான். கப்பல் தெளிவாகத் தெரிகிறது.

அப்போது தாத்தாவின் பெரே பச்சை, தம்பி. அலமாரியில் சிவப்பைத் தேடாதீர்கள்.