கொள், கொல்

கேள்வி: தொடர் கொலைகாரர்கள் தாங்கள் செய்ததை எப்படி நியாயப்படுத்திக்கொல்கிறார்கள்? மனசாட்சி உறுத்தாதா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக்கிவிட்ட தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர்களோடு இருபது ஆண்டுகளாக மல்லுக்கு நிற்பவன் நான், ஆனாலும் உங்கள் கேள்வியில் இருந்த ‘கொல்’லைத் திருத்தப் போன மெய்ப்பு பார்ப்பவரைத் தடுத்துவிட்டேன். விஷயமே அந்தப் பிழையில்தான் இருக்கிறது.

1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் என்ற லாரி ஓட்டுநர், 1981 ஜனவரியில் பிடிபட்டதும் போலீசாரிடம் சொன்ன காரணம், சில்லறை பாக்கி. 1969இல் பிராட்ஃபோர்டில் ஒரு பாலியல் தொழிலாளியிடம் 10 பவுண்டு நோட்டைக் கொடுத்தானாம். மீதி 5 பவுண்டு வரவில்லையாம். பிறகு கேட்கப் போனபோது எள்ளி நகையாடினார்களாம். பயணச்சீட்டின் முதுகில் நடத்துநர் எழுதிக் கொடுத்த மீதியை வாங்க மறந்து இறங்கிவிடுவதில் கைதேர்ந்தவன் நான். இந்தக் கணக்குப்படி பார்த்தால், இந்நேரம் ஒரு பணிமனையே காலியாகியிருக்க வேண்டும்.

சில வாரங்களில், மருத்துவர்கள் வந்து பேசத் தொடங்கியதும், சில்லறை கடவுளாகிவிட்டது. பிங்லி கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டியாக இருந்தபோது ஒரு கல்லறையிலிருந்து தெய்வக் குரல் கேட்டதாகவும், விலைமாதரை ஒழிக்கும் பணியை அது தன்னிடம் ஒப்படைத்ததாகவும் சொன்னான். மனநல மருத்துவர்கள் நம்பினார்கள். பைத்தியம் என்று நம்பவைத்துவிட்டால் பத்து ஆண்டுகளோடு போய்விடும் என்று அவன் மனைவியிடம் பேசியது தன் காதில் விழுந்ததாகச் சிறைக்காவலர் ஒருவர் சாட்சி சொல்ல, ஜூரிகளில் பெரும்பான்மையோர் நம்ப மறுத்தார்கள். 1984இல் அவனை மனநோயாளிகளுக்கான காவல் மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவன் மனசாட்சியைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னை உறுத்துவது வேறு. அந்த நியாயத்தை அவன் சொந்தமாகச் சமைக்கவில்லை, ஊரில் சமைத்து வைத்திருந்ததை எடுத்துப் பரிமாறிக்கொண்டான். 1979இல், அவன் யாரென்றே தெரியாத நிலையில், மூத்த காவல் அதிகாரி ஒருவர், விலைமாதரை அவன் வெறுப்பது தெரிகிறது, பலரும்தான் வெறுக்கிறார்கள், ஆனால் இப்போது அப்பாவிப் பெண்களையும் கொல்கிறானே என்ற தொனியில் பேசினார். செத்தவர்கள் சார்பில் வழக்காட வந்த அரசுத் தலைமை வழக்கறிஞரே, கொல்லப்பட்டவர்களில் சிலர் விலைமாதர் அல்லர் என்பதுதான் வழக்கின் பெருஞ்சோகம் என்று நீதிமன்றத்தில் சொன்னார். விலைமாதரை வெறுப்பவனைத் தேடிய காவல்துறை, 1975இல் அவனிடம் அடிபட்டுப் பிழைத்த 14 வயதுச் சிறுமி சொன்ன அடையாளத்தை, அவள் அந்த ரகம் இல்லை என்பதால் இந்த வழக்கோடு சேர்க்கவில்லை. அவனையே ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. ஐயா, உங்கள் ‘கொல்’ பொருந்துகிற இடம் இதுதான்.

அவன் இறந்த 2020 நவம்பரில்தான், அந்தக் காலத்துச் சொற்களுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது.